கத்திக்கு முன் பத்தியம்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோர் இன்று தில்லி, மும்பை, புனே, ஆமதாபாத் முதலிய நகரங்களில் அரியர் அல்லர். பிழைப்பின் நிமித்தம் தமிழகத்தை விட்டு வந்து இந்நகரங்களில் குடியேறிய நம்மவர் குடும்பங்களிலும் அத்தகையோர் உளர். மருத்துவமனைக்குச் சென்று நாள் குறித்துக்கொண்டு திரும்பும்போது, அவர்கள் கையில் ஒரு தாளும் வந்து சேர்கிறது. அறுவைக்கு முன் இரண்டு வாரம், சில இடங்களில் நான்கு வாரம், சோறு கூடாது; சப்பாத்தி கூடாது; இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, சர்க்கரை, வாழைப்பழம் ஒன்றும் கூடாது என்று அதில் எழுதியிருக்கும்.

வெட்டப்போவது இரைப்பையை, அதற்குச் சோற்றை ஏன் நிறுத்த வேண்டும்? வீட்டிலுள்ள பெரியவர்கள் இவ்வாறு கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. எடை கொஞ்சம் குறைந்தால் நல்லதுதானே என்று பலர் விடை கூறுவர். நோயாளிக்கு மனவுறுதி உண்டா என்று மருத்துவர் சோதித்துப் பார்க்கிறார் என்று கூறுவாரும் உண்டு. முதல் விடை பாதி உண்மை; இரண்டாவது உண்மையே அன்று. அந்தத் தாள் குறிவைப்பது கல்லீரலை. எடையைக் குறைக்கவும், வலிப்பைத் தடுக்கவும், பின்னர்க் கத்திக்கு வழிவிடவும் என்று ஒரே உணவுமுறை மூன்று வேலைகளுக்கு அழைக்கப்பட்ட வரலாறு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனை நேயர்களுடன் சேர்ந்து சிறிது பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தின் ‘டயட்’ என்ற சொல்லுக்கு அரசாங்க ஏடுகளில் ‘உணவுக் கட்டுப்பாடு’ என்று எழுதிவருவது மொழிபெயர்ப்பாளராகிய நம்முடைய வழக்கம். கட்டுப்பாடு என்றதுமே குற்றமும் தண்டனையும் கூடவே வந்துவிடுகின்றன. நம் பாட்டிமார் அறிந்த ‘பத்தியம்’ என்ற சொல் இதைவிடப் பொருத்தமானது. பத்தியம் மருந்தோடு சேர்ந்து நிற்பது. இத்தனை நாள் என்று எல்லை உடையது. இன்ன நோய்க்கு இன்னது ஆகாது என்று காரணம் காட்டுவது. ஆகவே இவ்வுரையில் பத்தியம் என்றே சொல்லுவோம்.

இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்ட்டிங் என்று ஒருவர் இருந்தார். அரச குடும்பத்தினரின் ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர், செல்வர், ஒழுக்கமானவர், பெருந்தீனிக்காரரும் அல்லர். ஆயினும் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஏறத்தாழ அறுபத்தாறு வயதில், ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவருடைய எடை 202 ராத்தல், அதாவது 92 கிலோகிராம் ஆயிற்று. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலவில்லை. முழங்காலும் கணுக்காலும் அதிராமல் இருக்க வேண்டி, மாடிப்படிகளில் பின்புறமாகவே மெல்ல இறங்கினார். உடல் இளைக்கட்டும் என்று ஒருவர் தேம்ஸ் ஆற்றில் படகு வலிக்கச் சொன்னார். வலித்தார். தோள் வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது, எடை மேலும் ஏறிற்று. வெந்நீராவிக் குளியல்களும் பயன் தரவில்லை.

இறுதியில் காது மந்தமாயிற்று என்று காது வைத்தியராகிய வில்லியம் ஹார்வி என்பவரிடம் சென்றார். வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் பக்கத்து வாசல் வழியாக நுழைகிறது. ஹார்வி சில ஆண்டுகளுக்கு முன், 1856இல், பாரிஸ் நகரில் கிளாத் பெர்னார் என்ற பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தார். கல்லீரல் பித்தநீரை மட்டும் சுரப்பதன்று, சர்க்கரையைத் தானே ஆக்கி இரத்தத்தில் விடவும் வல்லது என்று உலகுக்குக் காட்டியவர் பெர்னார். அச்சர்க்கரை கல்லீரலில் ‘கிளைக்கோஜன்’ என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதையும் 1857இல் அவரே பிரித்தெடுத்து நிறுவினார். நீரிழிவில் மாவையும் சர்க்கரையையும் குறைத்தால் பயன் உண்டெனில், பருமனிலும் இருக்கலாமே என்று ஹார்வி எண்ணினார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விலக்குமாறு பாண்ட்டிங்குக்குச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றுக்குத் தடை இல்லை. காய்ந்த ரொட்டித் துண்டு சிறிதளவு உண்டு. சிவப்பு ஒயினும் உண்டு.

ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. காதும் தெளிந்ததாகப் பாண்ட்டிங் எழுதினார். தாம் பெற்ற நன்மையைப் பிறரும் பெறட்டும் என்று 1863இல் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நூலை அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவம் எழுதியதற்காக மருத்துவ ஏடுகள் அவரைக் கடிந்துகொண்டன. மக்களோ நூலை விரும்பி வாங்கினர். அவர் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே ஆயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் எடை குறைக்க உண்பதைக் குறிக்கும் சொல் ‘பாண்ட்டா’ என்பதாகும். ஈமச் சடங்கு செய்தவரின் பெயர் ஒரு நாட்டின் அகராதியில் இவ்வாறு நிலைபெற்றது வேடிக்கைதான்.

இம்முறையைக் கீட்டோன் பத்தியம் என்று சொல்ல இயலாது; அதன் முன்னோர்களுள் ஒன்று எனலாம். கீட்டோன் என்ற சொல்லே 1848இல் ஜெர்மானிய வேதியியலார் லியோபோல்டு கிமேலின் அமைத்தது. ‘அக்கெட்டோன்’ என்று ஜெர்மன் மொழியில் வழங்கிய அசிட்டோனின் பெயரிலிருந்து தலையெழுத்தை வெட்டி உண்டாக்கியது. அசிட்டோனின் வாடை அக்காலத்து மருத்துவருக்கு அச்சம் தந்த வாடை. நீரிழிவு முற்றியவர்களின் மூச்சில் அது வீசினால் மயக்கமும் அதன்பின் மரணமும் வரும் என்று அறிந்திருந்தனர். அத்தகைய பொருளை வேண்டுமென்றே ஒருவர் உடலில் உண்டாக்கலாம் என்று சொல்லத் துணிவு வேண்டியிருந்தது. அத்துணிவு வலிப்பு நோயின் வழியாக வந்தது.

உண்ணாநோன்பு இருந்தால் வலிப்பு தணிகிறது என்பது பழைய அனுபவம். 1911இல் பாரிஸ் நகரில் குவெல்பா, மரீ என்ற இரு மருத்துவர்கள் அதனை நோயாளிகளிடம் ஆராய்ந்து எழுதினர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹியூ காங்க்லின் என்பவர் வலிப்புற்ற குழந்தைகளை நாட்கணக்கில், சில வேளை இருபத்தைந்து நாள் வரையிலும், தண்ணீர் மட்டும் கொடுத்து வைத்திருந்தார். வலிப்பு நின்றது, ஆனால் எவ்வளவு காலம் ஒரு குழந்தையைப் பட்டினி போடுவது? நோன்பு முடிந்து உண்ணத் தொடங்கினால் பலருக்கு நோய் திரும்பிற்று.

1921இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. பட்டினியால் இரத்தத்தில் எழும் அதே பொருள்கள், மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்பவரிடமும் எழுகின்றன என்று ரோலின் உட்யாட் என்பவர் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் என்பார், பட்டினிக்குப் பதிலாக இத்தகைய உணவையே கொடுத்துப் பார்க்கலாம் என்று முன்மொழிந்து, அதற்குக் ‘கீட்டோஜெனிக்’, அதாவது கீட்டோனை விளைவிக்கும் உணவு என்று பெயரிட்டார். வைல்டர் நீரிழிவு மருத்துவர் என்பது கவனிக்கத்தக்கது. எந்தப் பொருளின் வாடையைக் கண்டு நாள்தோறும் அஞ்சினாரோ, அதனையே அளவோடு மருந்தாக்கினார். 1925இல் அதே மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர்மன் கணக்கு வகுத்தார்: குழந்தையின் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் மாவுச்சத்து, எஞ்சியது முழுவதும் கொழுப்பு. ஒரு கரண்டிச் சோற்றிலேயே பத்து கிராம் மாவுச்சத்து இருக்கும் என்றால், அக்குழந்தைகளின் தாய்மார் பட்ட பாட்டை நாம் ஊகிக்கலாம்.

1938இல் பெனிட்டாயின் என்னும் மாத்திரை வந்ததும் இப்பத்தியம் மங்கிற்று. வெண்ணெயையும் பாலேட்டையும் நிறுத்துக் கொடுப்பதைவிட மாத்திரை எளிது அல்லவா? மாத்திரைகளுக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளுக்காக அது மீண்டும் பெயர் பெற்றது 1990களில்தான். அக்கதை தனியே சொல்லத்தக்கது. நம் வழி வேறு.

இனி உடலினுள் நடப்பதைச் சிறிது காண்போம். இது விளங்காவிடில் பின்னர் வருவது விளங்காது. நாம் உண்ணும் சோறும் கோதுமையும் குளூக்கோஸ் ஆகி இரத்தத்தில் கலக்கின்றன. உடனடித் தேவைக்கு மிஞ்சியதில் ஒரு பகுதி கிளைக்கோஜன் வடிவில் கல்லீரலில் ஏறத்தாழ நூறு கிராமும், தசைகளில் அதனைப்போல் நான்கு மடங்கும் தங்குகிறது. கிளைக்கோஜன் தனியே தங்குவதில்லை. கிராம் ஒன்றுக்கு மூன்று கிராம் அளவு நீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்பும் நிரம்பிய பின் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அக்கொழுப்பில் ஒரு பங்கு கல்லீரலிலேயே படிந்துவிட, உறுப்பு பெருத்து, மஞ்சள் படர்ந்து, எளிதில் கிழியக்கூடியதாகிறது.

மாவுச்சத்து நின்றால் ஓரிரு நாட்களில் கல்லீரலின் கிளைக்கோஜன் தீர்கிறது, நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்குப் பெருங்காரணம் இதுவே. அந்த வேகத்தைக் கண்டு மகிழ்வோர் இதனை அறிந்து மகிழ்வது நலம். இன்சுலின் அளவு தாழ, உடலின் கொழுப்புக் கிடங்குகள் திறக்கின்றன. கல்லீரல் அக்கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை ஆக்கி மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. தான் ஆக்கிய கீட்டோனைத் தானே எரித்துக்கொள்ளும் நொதி கல்லீரலுக்கு இல்லை. ஊருக்குச் சமைத்துவிட்டுத் தான் உண்ணாத சமையற்காரரைப் போன்றது அதன் நிலை. மூளை என்ன செய்யும் என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. குளூக்கோஸ் தவிர வேறொன்றையும் அது ஏற்காது என்றே நம்பியிருந்தனர். 1967இல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹில், ஆலிவர் ஓவன் முதலியோர், ஐந்தாறு வாரம் உண்ணாதிருந்த பருமனான நோயாளிகளின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் திரும்பும் இரத்தத்தையும் அளந்து பார்த்து, மூளை தன் எரிபொருளில் பெரும் பங்கைக் கீட்டோன்களிலிருந்தே பெறுகிறது என்று காட்டினர்.

ஐந்தாறு வாரம் உண்ணாதிருந்தார்கள் என்றதும் நேயர்கள் திடுக்கிடலாம். 1950களின் இறுதியிலும் 1960களிலும் பருமனுக்கு முழுப்பட்டினியே மேலைநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் சிகிச்சையாக இருந்தது. எடை குறைந்தது, தசையும் கூடவே கரைந்தது, சிலர் இறந்தும் போயினர். புரதத்தை மட்டும் போதிய அளவு கொடுத்தால் தசை காக்கப்படும், கீட்டோனும் எழும் என்று 1970களில் பாஸ்டனில் ஜார்ஜ் பிளாக்பர்ன், புரூஸ் பிஸ்ட்ரியன் ஆகியோர் முறை வகுத்தனர். அவர்கள் தம் நோயாளிகளை நேரில் கண்காணித்து, தாது உப்புகளையும் கொடுத்துவந்தனர். வணிகர் அதற்குக் காத்திருக்கவில்லை. மாட்டுத் தோல், எலும்பு முதலியவற்றின் கொலாஜனிலிருந்து எடுத்த தரங்குறைந்த புரதத்தைக் குப்பியில் அடைத்து ‘திரவப் புரதம்’ என்று கடைகளில் விற்றனர். 1977, 1978ஆம் ஆண்டுகளில் அதனையே உணவாகக் கொண்டவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் மரணங்கள் அமெரிக்க அரசின் ஆய்வுக்கு வந்தன. பலரும் இளம்பெண்கள், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியே பலர் மாண்டனர். குறைந்த உணவிலும் முழுமையான புரதம், பொட்டாசியம், உயிர்ச்சத்துகள் ஆகியவை தப்பாது இருக்க வேண்டும் என்ற விதி இம்மரணங்களுக்குப் பின்னரே உறுதிப்பட்டது. மருத்துவமனையின் தாளில் குறித்திருக்கும் மாத்திரைகளையும் புரத மாவையும் செலவை எண்ணி விட்டுவிடலாமா என்று எண்ணுவோர் இவ்வாண்டுகளை நினைவுகூர்வாராக.

மற்றொரு பக்கம் அறுவை மருத்துவர்களின் முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1954இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் செல்லும்படி இணைப்பை மாற்றும் முறையைப் பற்றி எழுதினர். எடை குறைந்தது, ஆனால் காலப்போக்கில் சிறுநீரகக் கற்களும், சிலருக்குக் கல்லீரல் அழிவும் ஏற்பட்டன. அம்முறை கைவிடப்பட்டது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கண்ட எட்வர்டு மேசன் என்பார், 1966இல் அயோவாவில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடைபெறும் ‘பைபாஸ்’ முறைக்கு அது தாய்.

அந்நாட்களில் வயிற்றை நீளத் திறந்தே அறுத்தனர். கல்லீரல் எவ்வளவு பெருத்திருந்தாலும் கையால் விலக்கிப் பிடித்துக்கொள்ளலாம். 1994இல் ஆலன் விட்குரோவ் என்பவரும் அவருடைய தோழர்களும் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி, உட்கண் கருவியில் கண்டபடியே பைபாஸ் செய்த முறையை வெளியிட்டனர். வலி குறைந்தது, காயம் ஆறும் நாள் குறைந்தது, எல்லோரும் அம்முறைக்கு மாறினர். அப்பொழுதுதான் கல்லீரல் குறுக்கே நின்றது.

அதன் இடது மடல், இரைப்பையும் உணவுக்குழலும் கூடும் இடத்தின்மேல் ஒரு கூரைபோல் கவிந்திருக்கிறது. மருத்துவர் வேலை செய்ய வேண்டிய இடம் அக்கூரையின் அடியில். மெல்லிய உலோகக் கொக்கியால் மடலைத் தூக்கிப் பிடித்தாலன்றி இடம் தெரியாது. நல்ல கல்லீரல் இலைபோல் எழும்பும். கொழுப்பேறியது கனத்து, மழுங்கி, தூக்கினால் கிழிந்து இரத்தம் கசியும். அப்படிப்பட்ட வேளைகளில் துளைகளை விட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தது. சிலருக்கு ஒன்றும் செய்யாமலே மூடவும் நேர்ந்தது. கல்லீரலைச் சிறிது நாளைக்கேனும் சுருக்க வழி உண்டா என்று மருத்துவர் தேடினர். வழி பழைய ஏடுகளிலேயே இருந்தது.

2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வை இவ்வரலாற்றின் நடுத்தூண் எனலாம். அறுவைக்குக் காத்திருந்த 32 பேருக்குப் பன்னிரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரியுள்ள உணவு கொடுத்து, இடையிடையே கல்லீரலைப் படம் எடுத்து அளந்தனர். கல்லீரலின் பருமன் சராசரியாக நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்தது. வியப்பு இதிலன்று. அக்குறைவில் நூற்றுக்கு எண்பது பங்கு முதல் இரண்டு வாரத்திலேயே நிகழ்ந்துவிட்டது! உடலின் எடையும் வயிற்றுக் கொழுப்பும் பன்னிரண்டு வாரமும் படிப்படியாக இறங்கின. கல்லீரலோ முதலில் விரைந்து சுருங்கிப் பின் மெதுவாயிற்று. மருத்துவமனைத் தாளில் ‘இரண்டு வாரம்’ என்று எழுதப்படுவதற்கு இத்தகைய அளவைகளே ஆதாரம். எடைதான் நோக்கம் எனில் இரண்டு வாரத்தில் என்ன பெரிதாகக் குறைந்துவிடும்?

2011இல் சுவீடனின் உப்சாலா நகரத்தார் நான்கு வாரப் பத்தியத்தில் கல்லீரலின் கொழுப்பு நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்ததைக் கண்டனர். அதே ஆண்டில் ஐரோப்பிய மருத்துவமனைகள் சில சேர்ந்து 298 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இரண்டு வாரப் பத்தியம் கொடுத்தன. யார் எப்பிரிவு என்பது கத்தி பிடித்தவருக்குத் தெரியாது. பத்தியம் இருந்தோரிடம் வேலை எளிதாக இருந்தது என்றே அவர்கள் குறித்தனர். ஆனால் அறுவைக்குப் பிடித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின் முப்பது நாட்களில் சிக்கல் கண்டவர்கள் ஒரு பிரிவில் எண்மர், மற்றதில் பதினெண்மர். பயன் உண்டு, அதே வேளையில் அற்புதம் ஒன்றும் இல்லை. இப்படி அடக்கமாகப் பேசும் எண்களையே நாம் பெரிதும் நம்புகிறோம்.

வெறும் குறைந்த கலோரி உணவா, கீட்டோன் பத்தியமா, எது மேல் என்ற வழக்கு இத்தாலியில் சூடாக நடந்துவருகிறது. உயிர்ச்சத்துகள் சேர்த்த கீட்டோன் பத்தியத்தை நான்கு வாரம் கொண்ட 27 பேரிடம் இடது மடல் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு சுருங்கியதாக 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இவை சிறு ஆய்வுகள். மேலும், நாளொன்றுக்கு 800 கலோரிக்குள் அடங்கும் எந்த உணவிலும் மாவுச்சத்து தானே மிகக் குறைந்துவிடுவதால், பெயர் எதுவாயினும் நோயாளியின் உடலில் சிறிதளவேனும் கீட்டோன் எழத்தான் செய்கிறது. கீட்டோன் பத்தியத்தில் பசி தணிந்து நிற்பதாக அதை மேற்கொண்டவர்கள் சொல்வது உண்டு. பதினைந்து நாள் தாங்க வேண்டியவருக்கு அதுவே பெரிய நன்மை.

நம்மவருக்கு மிகவும் வேண்டுவதான எச்சரிக்கை ஒன்று உண்டு. நீரிழிவுக்கு மருந்து உண்போர் சோற்றை நிறுத்திய அன்றே பழைய அளவில் இன்சுலினையோ சில மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். வேறொரு வகை மாத்திரை உண்டு. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் முதலிய பெயர்களில் இன்று நம் நாட்டில் மிகுதியாக எழுதப்படுவது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவது. அம்மாத்திரையும் மாவுச்சத்தில்லாத உணவும் அறுவையின் அழுத்தமும் ஒன்று சேர்ந்தால், கீட்டோன் அளவு கடந்து இரத்தம் அமிலமாகக் கூடும். சர்க்கரையின் அளவு இயல்பாகவே காட்டுமாதலால் நோயை எளிதில் கண்டுபிடிக்கவும் முடியாது. இவ்வகை மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே, ஒன்றை மட்டும் நான்கு நாள் முன்பே, நிறுத்த வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விதித்தது. ஆகவே, தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் பத்தியம் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. அண்டை வீட்டாரின் தாளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவது ஆகாது.

பத்தியம் தண்டனையாக மாறிய கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் பல, அறுவைக்குப் பணம் தருவதற்கு முன், மூன்று மாதம், ஆறு மாதம், சில வேளை ஓராண்டுகூட, மருத்துவர் மேற்பார்வையில் உணவைக் குறைத்துக் காட்டுமாறு நோயாளியைக் கேட்டுவந்தன. இரு வாரப் பத்தியத்தோடு இதற்கு உறவே இல்லை. கல்லீரல் இங்கே கணக்கில் இல்லை. நோயாளியின் பொறுமையே கணக்கு. காத்திருந்து சலித்துப் பலர் விலகினர். நீரிழிவும் மூச்சுத்திணறலும் அவர்களோடு வளர்ந்தன. இத்தகைய கட்டாயத்துக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுப் பருமன் அறுவை மருத்துவர் சங்கம் 2011இல் அறிவித்தது. 2016இல் இன்னும் கடுமையாக, இது பாரபட்சமானது, தன்னிச்சையானது, அறிவியலுக்கு ஒவ்வாதது என்று எழுதிற்று. எலும்பு முறிந்தவரிடம் முதலில் ஆறு மாதம் நடந்து காட்டு என்று எவரும் கேட்பதில்லை. பருமனானவரிடம் மட்டும் கேட்கத் துணிவு வருவதன் காரணம், அவர் நோயை அவரே வரவழைத்துக்கொண்டார் என்ற பழைய எண்ணம்தான்.

நம் நாட்டில் 2019இல் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நெறிகளில், உடல் நிறைக் குறியெண் 40க்குக் குறையாதவர்களுக்கும், கடும் துணைநோய்கள் உள்ளவராயின் 35க்குக் குறையாதவர்களுக்கும், எளிய முறைகள் பயன் தராத நிலையில் இவ்வறுவை காப்பில் அடங்கும் என்று குறிக்கப்பட்டது. இந்தியரும் பிற ஆசியரும் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாவதால், ஆசியருக்கு 27.5 என்ற எண்ணிலிருந்தே அறுவையைக் கருதலாம் என்று 2022இல் உலக மருத்துவர் அமைப்புகள் இரண்டு கூடிப் பரிந்துரைத்தன. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்டு நிற்போர் பலர் என்பதைக் காப்புறுதித் தாளில் கையெழுத்திடும் முன் அறிந்திருப்பது நன்று.

இனி நம் சமையலறை. மேலைநாட்டுத் தாள்கள் இறைச்சியையும் மீனையும் வைத்து எழுதப்பட்டவை. புலால் உண்ணாத வீடுகளில் இப்பத்தியத்தை நடத்துவது கடினமே. நாம் புரதம் என்று நம்பியிருக்கும் பருப்பில் புரதத்தைவிட மாவுச்சத்தே மிகுதி. சாம்பாரும் அடையும் ஆகவே தாளில் இடம் பெறுவதில்லை. பன்னீர், தயிர், சோயா, ஏற்பவருக்கு முட்டை, இவற்றோடு மருத்துவமனை தரும் புரத மாவு ஆகியவற்றைக் கொண்டே நாள் ஓட வேண்டும். கீரை, வெண்டை, சுரை, கத்தரி, முட்டைக்கோஸ் முதலியவை தாராளமாக உண்டு. மோரும் அளவோடு உண்டு. நீரோடு உப்பும் வெளியேறுவதால் முதல் மூன்று நான்கு நாள் தலைவலியும் சோர்வும் வரும். வாயில் பழம் அழுகியதுபோன்ற வாடை வீசும். இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்பவர் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். திருமணங்களும் பண்டிகைகளும் இப்பதினைந்து நாளில் குறுக்கிடாமல் நாள் குறித்துக்கொள்வது, தில்லியில் குளிர்காலத்துக்குத் திட்டமிடுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

அறுவை முடிந்த முதல் நாட்களில் தெளிந்த நீருணவு, சிறு சிறு மடக்காக. பின் புரதம் கலந்த கூழ், அதன்பின் மசித்தது. சோறு திரும்பி வருவதற்குச் சில வாரம் செல்லும். வரும்பொழுது தட்டில் முதலில் புரதத்தையும் காய்கறியையும் உண்டபின், இடம் இருந்தால் இரண்டு கரண்டி.